செல்மா பூட்டிய மேசை

அடிலெய்டுக்கு அருகே ஜெர்மன்காரர்கள் குடியேறிய ஸ்டைன்பாக்கில் எந்தச் சமையலறைக்குள் போனாலும் நடுவில் ஒரு கனத்த மேசை நிற்கும். குனிந்து பார்த்தால் அதில் ஒரு ஆணிகூட இருக்காது. பத்து வீட்டில் ஆறு வீட்டு மேசை செல்மா கெர்ஷ் செய்தது. மீதி நாலும் கப்பலேறி வந்த முதல் தலைமுறை செய்து, பின்னால் கால் ஆடி, பலகை வெடித்து, செல்மா கையால் மறுபடி நிமிர்ந்தவை. ஊரில் அவளுக்கு மேசைக்கார செல்மா என்றே பெயர். குட்டையான உடம்பு, அகன்ற தோள். பட்டறையில் இருக்கும்போது கணவனின் பழைய கால்சட்டைதான் உடுப்பு.

அவள் தச்சு வேலைக்கு வருவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. 1941இல் அவளுடைய அப்பா குஸ்டாவ் இழைப்புளியைக் கையில் பிடித்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். உலகச் சண்டை நடந்த காலம் அது. ஊரில் ரம்பம் பிடிக்கத் தெரிந்த ஆண்களில் பாதிப் பேர் பட்டாளத்தில். ஜெர்மன் பெயர் வைத்திருந்த குற்றத்துக்காக இன்னும் சிலர் காவல் முகாமில். சவப்பெட்டி செய்கிறவரே செத்துக் கிடந்தால் பெட்டிக்கு எங்கே போவது? செல்மா பட்டறைக் கதவைத் திறந்தாள். அப்பா யாருக்கோ மேசை செய்ய அறுத்து வைத்திருந்த பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. அந்தப் பட்டறையில் வருடக்கணக்காக மரத்தூள் கூட்டியவள் அவள். கூட்டும்போது கண்ணை மூடிக்கொண்டா கூட்டினாள்? அந்தப் பலகைகளிலேயே ஒரு பகலில் பெட்டியை முடித்துவிட்டாள். அடக்கத்தன்று ஜெபத்துக்குத் தலைகுனிந்த ஆண்கள் ஜெபம் முடிந்த பிறகும் நிமிரவில்லை. பெட்டியின் மூலைகளில் விரல்கள்போல் கோத்துக்கொண்டிருந்த பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அந்தப் பலகைகள் எர்வின் ஸாண்டர் வீட்டு மேசைக்கு ஆனவை. அடுத்த மாதம் செல்மா வேறு பலகை அறுத்து அந்த மேசையையும் செய்து கொண்டுபோய் இறக்கினாள்.

"பொம்பளை செஞ்ச மேசையில நான் சாப்பிட மாட்டேன்" என்றார் எர்வின்.

"பொம்பளை செஞ்ச சோறு மட்டும் எறங்குதாக்கும்" என்றாள் அவர் மனைவி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த இருபத்தைந்து வருடமும் எர்வின் அந்த மேசையில்தான் சாப்பிட்டார்.

செல்மா 1945இல் ஓட்டோ கெர்ஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஓட்டோ அறுவடைக் காலத்தில் திராட்சை லாரி ஓட்டுகிறவன். மற்ற காலத்தில் எதையாவது ஓட்டிக்கொண்டிருப்பான், பெரும்பாலும் அடுத்தவர்களை. நல்ல மனிதன், ஆனால் கீழ்கோயில்காரன். செல்மா மேல்கோயில். ஸ்டைன்பாக்கில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு கோயில்களும் ஒரே தெருவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தன. இரண்டும் லூத்தரன் கோயில்கள். இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே ஜெபம். ஆனால் உலக முடிவுக்கு முன்னால் ஆயிரம் வருட ஆட்சி ஒன்று வருமா வராதா என்று 1861இல் ஒரு சண்டை வந்து சபை இரண்டாகியிருந்தது. நிலத்தைப் பிரித்தார்கள், பாட்டுப் புத்தகங்களைப் பிரித்தார்கள், கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் வேலி போட்டார்கள். கடைசியில் சபை மேசை மட்டும் மிஞ்சியது. ஓடைக்கரையில் விழுந்த ஒரே சிவப்புத் தைலமரத்தில் அறுத்தது. நீளம் இருபத்து நான்கு அடி, எட்டுப் பட்டை போட்ட கால்கள். இரண்டு தரப்பும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, தரப்புக்கு ஒரு ஆளாகப் பெரிய ரம்பத்தின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, மேசையைக் குறுக்கே அறுத்துவிட்டார்கள். அந்தச் சபைகள் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை அதுதான்.

1966இல் நாடு முழுவதும் இரண்டு லூத்தரன் சபைகளும் ஒன்றாவதென்று முடிவானது. ஸ்டைன்பாக்கும் ஒன்றாக வேண்டும். நவம்பரில் ஒரு ஞாயிறு கூட்டு ஆராதனை, பிறகு விருந்து என்று ஏற்பாடு. பாஸ்டர் ஹோப்பே என்ற இளைஞர் குவீன்ஸ்லாந்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர் விவரம் முழுதாகத் தெரியாத துணிச்சலில், இரண்டு சபையும் கூடிய கூட்டத்தில் சொன்னார்:

"அந்த மேசைய மறுபடி சேத்து, எல்லாரும் அதுல ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டா எப்படி இருக்கும்?"

மேல்கோயில் மூப்பர் ரைன்ஹோல்ட் மிக்கன் தொண்டையைச் செருமினார். "சேக்கலாம் பாஸ்டர். ஆனா அவங்க பாதி சொரண்டிச் சொரண்டி அப்பளமாப் போயிருக்கு. எங்க பாதி அப்படியே கண்ணாடி மாதிரி இருக்கு."

கீழ்கோயில் மூப்பர் எர்வின் ஸாண்டர்தான். "ஆமா, கண்ணாடி மாதிரிதான் இருக்கும். சாப்பிட ஒக்காந்தாத்தானே அழுக்காகும்? நீங்க அதுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டி வச்சிருக்கீங்க. நாங்க அதுல சாப்பிட்டோம்."

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். மேல்கோயில் தன் பாதியைக் கூடத்தில் வைத்து, வருடம் இரண்டு முறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, கறுத்த தேன் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தது. கீழ்கோயில் தன் பாதியைச் சமையல் கொட்டகையில் போட்டு, நூறு வருடமாக மணலும் காரச் சவுக்காரமும் வைத்துத் தேய்த்துக் கழுவியதில், அது எலும்புபோல் வெளுத்து, நடுவில் குழிந்து, ஒரு விரல் கனம் தேய்ந்திருந்தது. போதாததற்கு, அறுத்த முனையில் மேல்கோயில் கடைந்தெடுத்த பூவேலைக் கால்கள் போட்டிருந்தது. கீழ்கோயில் வேலிக்கம்பம் மாதிரி இரண்டு சதுரக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தது.

ரைன்ஹோல்ட் அடிலெய்டிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரியை வரவழைத்தார். நல்ல கோட்டு போட்ட மனிதர், விஷயம் தெரிந்தவர். இரண்டு பாதியையும் தட்டினார், தடவினார், கீழே குனிந்து ரம்பத் தடத்தைப் பார்த்தார்.

"மரத்தோட நரம்பு நீளவாக்குல ஓடுது. பலகைக்குப் பக்கத்துல பலகை ஒட்டலாம். முனைக்கு முனை எந்தப் பசையும் நிக்காது. தூக்கி நகத்தினா நடுவுல மடங்கிடும். தனித்தனியா வித்தா ரெண்டுமே நல்ல வெல போகும். சேக்குறேன்னு கெடுத்துடாதீங்க."

அன்று மாலை கூடத்துக் கதவுக்குப் புதுக் கீல் போட வந்திருந்த செல்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள். திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"பசை எதுக்கு?" என்றாள். "அதைச் செஞ்சவங்க ஒரு சொட்டுப் பசை போடல. நான் மட்டும் ஏன் போடணும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களால முடியுமா?" என்றார் பாஸ்டர்.

"முடியும்" என்றாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

அவளிடம் கொடுக்கலாமா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. "அவ புருஷன் உங்க ஆளு" என்றார் ரைன்ஹோல்ட். "அவ உங்க பெஞ்சுல ஒக்காந்து பாட்டுப் பாடுறவ" என்றார் எர்வின். கடைசியில், இரண்டு தரப்பும் சரிசமமாகச் சந்தேகப்படக்கூடிய ஆள் அவளைத் தவிர ஊரில் வேறு யாரும் இல்லை என்பதால், வேலை அவளுக்கே வந்தது.

மேசைப் பாதிகள் பட்டறையில் எதிரெதிரே வந்து நின்றன. அன்றிலிருந்து ரைன்ஹோல்ட் தினமும் காலையில் வருவார், எண்ணெய்ப் பாதியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க. எர்வின் வருவார், ரைன்ஹோல்ட் என்ன செய்கிறார் என்று பார்க்க.

"அந்தப் பக்கத்த ஒரு விரல் எழச்சா ரெண்டும் மட்டமாயிடும்" என்றார் எர்வின்.

"எங்க பக்கத்துல இழைப்புளி பட்டுது, நான் போய் சபைத் தலைவரக் கூட்டியாந்துடுவேன்" என்றார் ரைன்ஹோல்ட்.

"ரெண்டு பக்கத்துலயும் இழைப்புளி படாது" என்றாள் செல்மா. "மேல இருக்கறது உங்க நூறு வருசம், அவங்க நூறு வருசம். அத எழைக்க நான் யாரு? தேஞ்ச பாதியத் தூக்கி, கீழ சட்டத்துக்கு மேல கட்ட கொடுக்கப் போறேன். மட்டம் தன்னால வரும். இப்ப ரெண்டு மாமாவும் சும்மா நிக்காம அந்த முனையப் பிடிங்க."

அவர்கள் பிடித்தார்கள். ஒரே முனையை அல்ல, ஆளுக்கொன்று.

அவள் யோசித்து வைத்த வழி இதுதான். அறுத்த இடத்துக்கு நடுவில் ஒரு சாண் அகலத்தில் புதிதாக ஒரு குறுக்குப் பலகை. அதன் இரண்டு ஓரத்திலும் நாக்கு. மேசைப் பாதிகளின் அறுபட்ட முனைகளில் அந்த நாக்கு போய் உட்காரக் காடிப் பள்ளம். அடியில், ஒரு பாதியிலிருந்து மறு பாதிவரை நீளவாக்கில் ஓடும் மூன்று சட்டங்கள். அவை உட்காரும் காடியின் வாய் குறுகல், வயிறு அகலம். முனையிலிருந்து நுழைத்தால் போகும், கீழே இழுத்தால் வராது. எல்லாவற்றையும் இறுக்க மர ஆப்பு. மேசை எவ்வளவு பாரம் தாங்குகிறதோ அவ்வளவு இறுகும்.

குறுக்குப் பலகைக்கு யார் நிலத்து மரம் என்று அடுத்த சண்டை கிளம்புவதற்குள் அவள் ஓட்டோவின் லாரியில் ஏறிப் பஞ்சாயத்துக் கிடங்குக்குப் போனாள். ஓடைமேல் இருந்த பழைய மரப்பாலத்தைப் பிரித்து, சிமெண்டுப் பாலம் கட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய உத்திரங்கள் அங்கே கிடந்தன. அதே சிவப்புத் தைலமரம். அகலமான உத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"இந்தப் பாலத்துல ரெண்டு கோயில்காரன் காலும் பட்டிருக்கு. எவனும் பேச முடியாது" என்றான் ஓட்டோ.

"ஒன் மாட்டுக் காலும் பட்டிருக்கு."

"அதுவும் லூத்தரன் மாடுதான்."

மூன்று வாரம் உளியும் கொட்டாப்புளியுமாகப் போனது. தைலமரம் பழசானால் கல். அரை மணிக்கு ஒருமுறை உளியைத் தீட்ட வேண்டும். காடி வெட்டும்போது உள்ளிருந்து மரம் புதுச் சிவப்பாக வந்தது, நேற்றுத்தான் வெட்டியதுபோல. விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பலகையைப் பொருத்தி ஆப்பு அடித்தாள். மேசை ஒன்றானது. ரைன்ஹோல்ட் குனிந்து இடுக்கில் தன் சட்டைப்பை நாட்காட்டியின் தாளைச் செருகப் பார்த்தார், போகவில்லை. எர்வின் அதே தாளை வாங்கி அவர் ஒருமுறை முயன்றார். போகவில்லை.

"ம்" என்றார்கள் இருவரும்.

மூன்று நாள் கழித்து வடக்குக் காற்று கிளம்பியது. பாலைவனத்திலிருந்து அடுப்பைத் திறந்துவிட்டாற்போல வரும் காற்று. மூன்று நாள் விடாமல் வீசியது. மூன்றாம் நாள் காலை செல்மா பட்டறையைத் திறந்தபோது, குறுக்குப் பலகையின் இரண்டு ஓரத்திலும் ஒரு நாணயம் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. பலகையின் நடுவில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு.

எர்வின் வந்து பார்த்தார். அவர் ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று செல்மா காத்திருந்தாள். அவர் சாவு வீட்டுக்குள் வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றினார். அது அதைவிட மோசமாக இருந்தது.

"தப்பு என்னோடது" என்றாள் செல்மா. "அந்த உத்திரத்தோட ஒரு முனை அறுவது வருசம் ஓடைக்கர ஈரத்துல பொதஞ்சு கெடந்துருக்கு. வெளிய காஞ்சிருந்துது, உள்ள ஈரம். தட்டிப் பாத்தேன், அறுத்தப்ப உள்பக்கத்தத் தொட்டு ஈரம் பாக்கல. அவசரம்."

"அஞ்சு நாள்தான் இருக்கு, செல்மா."

"எனக்கும் எண்ணத் தெரியும், எர்வின் மாமா."

ஆப்புகளைத் தட்டிக் கழற்றி, மூன்று வாரத்து வேலையைக் கையால் தூக்கி விறகுக் குவியலில் போட்டாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி கிடங்குக்குப் போனாள். இந்த முறை உத்திரங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தின் மேல்தளத்தில் பாவியிருந்த நடைப்பலகைகளைப் புரட்டினாள். வெயிலில் கிடந்து வறுபட்டவை. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு துண்டு அறுத்து, உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தால் கன்னத்துக்குக் குளிரும். பதினோராவது பலகை குளிரவில்லை.

அதை எடுத்துக்கொண்டு திரும்பியபோது பட்டறை வாசலில் ரைன்ஹோல்டும் எர்வினும் நின்றிருந்தார்கள். ரைன்ஹோல்ட் சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார்.

"எனக்கு ரம்பம் பிடிக்க வரும்" என்றார். "இந்தாளுக்கு உளி தீட்ட வருமாம். அப்படித்தான் சொல்றார்."

"உன்னவிட நல்லா வரும்" என்றார் எர்வின்.

நான்கு நாள் மூன்று பேரும் வேலை செய்தார்கள். ரைன்ஹோல்டின் ரம்பம் கோணலாகப் போகும், செல்மா திட்டுவாள். எர்வின் உண்மையிலேயே நன்றாக உளி தீட்டினார். மத்தியானம் எர்வினின் மனைவி வெள்ளரி ஊறுகாயும் சாசேஜும் கொடுத்தனுப்புவாள். ரைன்ஹோல்ட் முதல் நாள் வேண்டாமென்றார், இரண்டாம் நாள் ருசி பார்த்தார், மூன்றாம் நாள் ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். புதுப் பலகையின் ஒரு ஓரம் எண்ணெய்ப் பாதிக்குச் சமமாகத் தட்டையாகவும், மறு ஓரம் தேய்ந்த பாதியின் குழிவுக்கு ஏற்ப மெல்ல வளைந்தும் இருக்கும்படி செல்மா செதுக்கினாள். கையை வைத்துத் தடவினால், ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொரு நூற்றாண்டுக்கு விரல் எங்கேயும் தட்டாமல் போனது. சனிக்கிழமை மத்தியானம் கடைசி ஆப்பு இறங்கியது.

ஞாயிறு காலை மேசையைக் கீழ்கோயில் வளாகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் மர நிழல் இருந்தது. ஆராதனை முடிந்ததும் பதினாறு ஆண்கள், பக்கத்துக்கு எட்டுப் பேராக, மேசையைத் தூக்கித் தெருவில் நடந்தார்கள். முன்னால் பித்தளை வாத்தியக் குழு. இரண்டு சபையும் பின்னால். அடிலெய்டு வியாபாரியும் வந்திருந்தார். ரைன்ஹோல்டே அவருக்குக் கடிதம் போட்டிருந்தார்.

வளாகத்து வாசலில் ஊர்வலம் நின்றது. இரண்டு கல் தூணுக்கு நடுவே நாலடி வழி. மேசையே மூன்றடி அகலம். பக்கத்தில் பிடித்திருக்கிறவர்கள் தூணைத் தாண்ட முடியாது. உள்ளே போகப் போக ஒவ்வொருவராகக் கையை விட வேண்டும். மேசையின் நடுப்பகுதி வாசலுக்குள் வரும்போது நடுவில் ஒரு கையும் இருக்காது.

செல்மாவுக்கு இது முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமையே வந்து வாசலை அளந்துவிட்டுப் போயிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

"செல்மா, பின்பக்கமா சுத்திப் போயிடலாமா?" என்றான் ஓட்டோ. அவனும் தூக்குகிறவர்களில் ஒருவன்.

"பின்னாடி திராட்சத் தோட்டம். நேராப் போ."

"நடுவுல கைய விடணும்."

"விடு."

முன்னால் நான்கு பேர் கைவிட்டுத் தூணைத் தாண்டி மறுபடி பிடித்தார்கள். பிறகு அடுத்த நால்வர். நடுப்பலகை தூண்களுக்கு நேராக வந்தது. ஓட்டோவும் பக்கத்தில் இருந்த மூவரும் கையை எடுத்தார்கள். இருபத்து நான்கு அடிக்கும் மேல் நீண்ட மேசை முன்னும் பின்னும் மட்டும் பிடிபட்டு நடுவில் அந்தரத்தில் நின்றது. வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். 'க்ரீக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேசை இல்ல, என் முட்டி" என்றார் பின்வரிசையில் தூக்கிக்கொண்டிருந்த எர்வின்.

சிரிப்பு வெடித்தது. தூக்கியவர்களும் சிரித்தார்கள், சிரித்ததில் மேசை குலுங்கியது. பூட்டு அசையவில்லை. நடுப்பலகை தூணைத் தாண்டி நிழலுக்குள் போனது. இறக்கி வைத்ததும் ரைன்ஹோல்ட் முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து இடுக்கில் செருகிப் பார்த்தார். போகவில்லை. தாளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கைதட்டல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

அடிலெய்டு வியாபாரி கோட்டைக் கழற்றாமலே மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. இரண்டு பூவேலைக் கால்களுக்கும் இரண்டு சதுரக் கட்டைகளுக்கும் நடுவிலிருந்து அவருடைய பளபளப்பான காலணிகள் மட்டும் தெரிந்தன. எழுந்தபோது முதுகெல்லாம் புல்.

"நான் சொன்னது தப்பு" என்றார் செல்மாவிடம், எல்லோரும் கேட்க. "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒரு பூட்டுப் பாத்ததில்ல. என் பட்டறைக்கு வந்துடுறீங்களா? நீங்க கேக்கற சம்பளம்."

"முடியாதுங்க" என்றாள் செல்மா. "மெட்ஸ்கர் வீட்டு டிராக்டர் கொட்டாய்க்குக் கதவு சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சா பள்ளிக்கூடத்துக்கு ஆறு பெஞ்சு. உங்க பட்டறையில எதாவது முடியாதுன்னு தோணுச்சுன்னா, லாரில ஏத்தி இங்க அனுப்புங்க."

அப்படியே அவர் அனுப்பினார். அடுத்த பத்தொன்பது வருடம், செல்மா கண்பார்வை மங்கிக் கருவிகளை எண்ணெய் போட்டுக் கட்டி வைக்கும்வரை, அடிலெய்டிலிருந்து மாதம் ஒரு லாரியாவது ஸ்டைன்பாக்குக்கு வந்து போனது.

ஸ்டைன்பாக் வழக்கப்படி முதல் பந்தி ஆண்களுக்கு. பெண்கள் பரிமாறிவிட்டுப் பிறகு உட்கார்வார்கள். அன்றும் ஆண்கள் பெஞ்சுகளில் நிறைந்தார்கள். செல்மா உருளைக்கிழங்குக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடுப்பலகைக்கு நேராக, ரைன்ஹோல்டுக்கும் எர்வினுக்கும் நடுவில், ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

"கிண்ணத்த வச்சுட்டு ஒக்காரு" என்றார் ரைன்ஹோல்ட்.

"இது ஆம்பளைங்க பந்தி."

"இருவத்தஞ்சு வருசமா நீ செஞ்ச மேசையில நான் சாப்பிடுறேன்" என்றார் எர்வின். "ஒரு நாள் நீயும்தான் சாப்பிடேன். ஒக்காருடி."

அவள் உட்கார்ந்தாள். எர்வினின் மனைவி கையிலிருந்த தட்டைப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டு, "அவ மட்டும் என்ன, நகருய்யா" என்று கணவனை இடித்துத் தள்ளி அவளும் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் பந்தி வரிசை குலைந்தது. இடம் போதாமல் ஓட்டோவும் பாஸ்டரும் இன்னும் சிலரும் எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாறினார்கள். சாஸைச் சிந்தினார்கள், பாத்திரங்களை மாற்றி வைத்தார்கள், திட்டு வாங்கினார்கள்.

இனிப்புக் கேக் வந்தபோது எர்வின் அதை எடுக்கக் கையை நீட்டியதில், தெரியாமல் ஒரு கோப்பைச் சிவப்பு ஒயினை எண்ணெய்ப் பாதியின்மேல் தட்டிவிட்டார். ஒயின் தேன் நிற மரத்தில் ஓடி, நடுப்பலகையைக் கடந்து, வெளுத்த பாதியில் பாய்ந்து சட்டென்று ஊறிக்கொண்டது. எல்லோரும் ரைன்ஹோல்டின் முகத்தைப் பார்த்தார்கள்.

ரைன்ஹோல்ட் கறையைப் பார்த்தார். எர்வினைப் பார்த்தார்.

"நல்ல ஒயின வீணாக்கிட்டியே" என்று சொல்லிவிட்டு, தன் கோப்பையில் இருந்ததில் பாதியை அவருக்கு ஊற்றினார்.

செல்மா கேக்கின் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டாள்.